முதல் தேங்க்ஸ்கிவிங் விருந்துக்குக் கிளம்புமுன்

நவம்பர் பிறந்ததும் ஆபீஸிலோ, பிள்ளையின் பள்ளிக்கூட வாசலிலோ யாராவது ஒருவர் கேட்பார்: "தேங்க்ஸ்கிவிங்குக்கு என்ன செய்யப் போகிறீர்கள்?" இப்போதுதான் அமெரிக்கா வந்தோம், ஒன்றும் இல்லை என்று நீங்கள் சொன்னால், "அப்படியானால் எங்கள் வீட்டுக்கு வாருங்கள்" என்று உடனே கூப்பிடுவார். சும்மா மரியாதைக்குக் கூப்பிடுகிறார் என்று நினைத்துத் தட்டிக்கழித்துவிடாதீர்கள். அந்த ஒரு நாள் யாரும் தனியாகச் சாப்பிடக் கூடாது என்று மனதார நினைக்கிறவர்கள் இங்கே நிறையப் பேர். போய்விட்டு வாருங்கள். பன்னிரண்டு வருஷமாக இந்த விருந்துகளுக்குப் போயும், எங்கள் வீட்டில் வைத்தும் கற்றுக்கொண்டதை, முதல் முறை போகிறவருக்குப் பயன்படும் வரிசையில் எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு உங்கள் வேலை, மேசையைச் சுற்றி எல்லோரோடும் நிம்மதியாக உட்கார்ந்திருப்பது. உடுத்துவதும் சமைப்பதும் அதற்கு ஏற்றபடி இருந்தால் போதும்.

நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமைதான் தேங்க்ஸ்கிவிங். 1863இல் உள்நாட்டுப் போரின் நடுவே ஆபிரகாம் லிங்கன் இதை நாடு முழுவதற்குமான நன்றி நாளாக அறிவித்தார். நான்காவது வியாழன் என்று சட்டமானது 1941இல். பள்ளிக் குழந்தைகள் படிக்கும் கதை இன்னும் பழையது: 1621இல் மாசச்சூசெட்ஸின் பிளிமத்தில் குடியேறிய ஆங்கிலேயரும் அந்த மண்ணின் வாம்பனோவாக் மக்களும் சேர்ந்து உண்ட அறுவடை விருந்து. அதற்குப் பிறகு பூர்வகுடிகள் நிலத்தையும் உயிரையும் இழந்த வரலாறும் உண்டு. 1970 முதல் அதே பிளிமத்தில் அதே நாளை அவர்கள் துக்க நாளாக அனுசரிக்கிறார்கள். பிள்ளைகளுக்கு விருந்தின் கதையைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பரிசு வாங்க வேண்டியதில்லை, பூஜை கிடையாது. சாப்பாடுதான் பண்டிகை. எந்த மதத்தவரும் தயங்காமல் கலந்துகொள்ள முடிவது அதனால்தான்.

அழைப்பு வந்ததும் கேட்க வேண்டியவை

கூப்பிட்டவருக்கு இரண்டு மூன்று நாளுக்குள் வருகிறோம், இத்தனை பேர் என்று பதில் சொல்லிவிடுங்கள். தலையை எண்ணித்தான் வான்கோழி வாங்குவார்கள். கூடவே கேளுங்கள்: எத்தனை மணிக்குச் சாப்பாடு, நாங்கள் என்ன கொண்டு வரட்டும், யாருக்காவது ஏதாவது ஒத்துக்கொள்ளாதா? மணியை அவசியம் கேட்க வேண்டும். பல வீடுகளில் இது மத்தியானச் சாப்பாடும் இல்லை, ராத்திரிச் சாப்பாடும் இல்லை. 2 மணிக்கோ 4 மணிக்கோ உட்காருவார்கள். காலையில் லேசாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

நீங்கள் சைவம் என்றால் இப்போதே சொல்லுங்கள். தட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னால் கூப்பிட்டவர்கள் துடித்துப்போவார்கள். முன்கூட்டியே சொன்னால் பெரும்பாலானவர்கள் அதற்கென்று ஒன்றிரண்டு செய்து வைப்பார்கள்.

உடுத்துவது

முதல் வருஷம் நான் கல்யாணப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். எல்லோரும் அழகாக இருக்கிறது என்றார்கள், உண்மையாகவே ரசித்தார்கள். ஆனால் சரிகையில் கிரேவி சொட்டிவிடுமோ என்று தட்டை மார்பு உயரத்தில் பிடித்துக்கொண்டே இருந்தேன். சாப்பிட்ட பிறகு எல்லோரும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தெருவில் நடக்கப் போனபோது, ஈரப் புல்லில் கரை நனையும் என்று நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அந்த நடையில்தான் மற்றவர்கள் மனம்விட்டுப் பேசிக்கொண்டார்கள் என்று பிறகு தெரிந்தது.

அதனால் என் கணக்கு எளிது. குனிய முடிய வேண்டும், தரையில் குழந்தையோடு உட்கார முடிய வேண்டும், ஒரு கரண்டி பிடித்து உதவ முடிய வேண்டும், வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகும் இடுப்பு இறுகக் கூடாது. புடவை பிடித்தால் தாராளமாகக் கட்டுங்கள். கைத்தறிப் பருத்தியாக இருக்கட்டும், முந்தானையை மடித்துப் பின் குத்திக்கொள்ளுங்கள். குளிர் ஊரில் உள்பாவாடைக்கு அடியில் ஒரு லெகிங்ஸ் போட்டால் கால் நடுங்காது. இங்கே இந்தப் பருவத்துக்கென்று உடுத்தும் நிறங்கள் நம் பீரோவில் ஏற்கெனவே இருப்பவைதான்: அரக்கு, கடுகு மஞ்சள், காவி, மாந்தளிர். சுடிதார், குர்த்தா, இடுப்பில் எலாஸ்டிக் வைத்த பேன்ட்டோடு ஸ்வெட்டர், எதுவும் பொருந்தும். ஆண்களுக்கு நல்ல சட்டை அல்லது ஸ்வெட்டர், கிழிசல் இல்லாத ஜீன்ஸ் போதும். கோட்டு சூட்டு எதிர்பார்க்கும் வீடு அபூர்வம். சந்தேகம் இருந்தால் கேட்டுவிடுங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அடுக்கடுக்காக உடுத்துங்கள். வெளியே உறைகிற குளிராக இருக்கும். உள்ளேயோ ஹீட்டர், காலையிலிருந்து எரியும் ஓவன், இருபது பேர் மூச்சு, எல்லாம் சேர்ந்து வேர்க்கும். உள்ளே மெல்லிய பருத்தி, மேலே கழற்றக்கூடிய ஒரு கார்டிகன், அதற்கு மேல் கோட். மத்தியானம் வெயிலடிக்கிறதே என்று கோட்டை வீட்டில் விட்டுவிடாதீர்கள். நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளியிருப்பார்கள். பாஸ்டன், சிகாகோ பக்கம் நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும். திரும்பும்போது அடிக்கிற குளிர் வேறு. ஃப்ளோரிடாவிலும் தெற்கு டெக்சாஸிலும் பெரும்பாலும் இந்தக் கவலை இல்லை, முழுக்கைச் சட்டை போதும்.

செருப்பைப் பற்றி ஒரு வார்த்தை. சில வீடுகளில் வாசலில் கழற்றுவார்கள், சில வீடுகளில் ஷூவோடு நடமாடுவார்கள். உள்ளே நுழைந்ததும் கதவோரம் ஜோடிகள் வரிசையாக இருக்கின்றனவா என்று பாருங்கள், தெரிந்துவிடும். எதற்கும் ஓட்டையில்லாத சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால், அவர்களுக்கு ரப்பர் அடியுள்ள, வழுக்காத ஷூ அவசியம். படியில் படிந்திருக்கும் மெல்லிய பனி கண்ணுக்கே தெரியாது. வெறும் செருப்போடு அதில் கால் வைக்க விடாதீர்கள்.

அடுப்படியில் நிற்கப் போகிறீர்கள் என்றால் துப்பட்டாவைக் கழற்றி வைத்துவிடுங்கள், தொங்கும் கைகளைச் சுருட்டிவிடுங்கள். ஜார்ஜெட், பாலியெஸ்டர் துணி நெருப்புப் பட்டால் உருகித் தோலோடு ஒட்டும். பருத்தி ஏப்ரன் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொன்று, நம் சமையலுக்கே உரியது: தாளிக்கும் முன்னால் கோட், ஸ்வெட்டர் எல்லாவற்றையும் படுக்கையறை அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்துங்கள். கம்பளித் துணி வாசனையை விடாமல் பிடித்துக்கொள்ளும். இங்குள்ள அபார்ட்மென்ட்கள் பலவற்றில் அடுப்புக்கு மேலே உள்ள ஃபேன் புகையை வெளியே தள்ளாமல் வடிகட்டித் திரும்ப வீட்டுக்குள்ளேயே விடும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு சமையுங்கள், தலைக்குக் கடைசியில் குளியுங்கள்.

குழந்தைகளுக்கு மாற்றுத் துணி ஒரு செட் பையில் இருக்கட்டும். உறுத்துகிற புதுப் பாவாடையோடு ஐந்து மணி நேரம் ஒரு குழந்தையைச் சிரிக்கச் சொல்வது பாவம்.

என்ன கொண்டு போவது

அவர்களின் மேசையில் என்ன இருக்கும் என்று தெரிந்தால் தேர்வு சுலபம். நடுவில் முழு வான்கோழி. அதற்கு மேலே ஊற்றும் கிரேவி. நம் ஊர் ஹோட்டலில் சொல்லும் கிரேவி இல்லை, இறைச்சிச் சாற்றில் மைதா கரைத்துக் கொதிக்கவைத்தது. ரொட்டித் துண்டுகளில் செலரி, வெங்காயம், மூலிகை சேர்த்துச் சுடும் ஸ்டஃபிங். தெற்கே டிரெஸ்ஸிங் என்பார்கள். வெண்ணெய் போட்டு மசித்த உருளைக்கிழங்கு. பீன்ஸை சூப்போடு கலந்து ஓவனில் சுடும் பீன்ஸ் கேசரோல், 1955இல் கேம்பெல் சூப் கம்பெனியின் சமையலறையில் பிறந்தது. சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பல வீடுகளில் மேலே மார்ஷ்மெல்லோ என்னும் பஞ்சு போன்ற மிட்டாயோடு. கிரான்பெர்ரி என்னும் சின்னச் சிவப்புப் பழத்தில் செய்த சாஸ். கடைசியில் பரங்கிக்காய் பை (pie), மாவு ஓட்டுக்குள் இனிப்பு விழுதை வைத்துச் சுட்டது. பரங்கியும் சர்க்கரைவள்ளியும் நாம் பொங்கல் குழம்பில் போடுகிற அதே காய்கள், அவர்கள் இனிப்பாக்குகிறார்கள்.

கவனித்தீர்களா, காரமும் புளிப்பும் இந்த மேசையில் குறைவு. அங்கேதான் உங்கள் பாத்திரத்துக்கு இடம். ஒரே ஒரு பதார்த்தம் நன்றாகச் செய்துகொண்டு போங்கள். நாலு வகை செய்தால் புதன் ராத்திரி தூக்கம் போய்விடும். சுடச்சுட மட்டுமே நன்றாக இருக்கும் வடை, பஜ்ஜி, தோசை வேண்டாம். அவர்களின் ஓவனை நம்பியும் போகாதீர்கள், அன்றைக்கு அதில் ஓர் அங்குலம் இடம் இருக்காது. தேங்காய் போட்ட பீன்ஸ் பொரியல், மிளகு தூக்கலான உருளைக்கிழங்கு வறுவல், எலுமிச்சைச் சாதம், பரங்கிக்காய் அல்வா, இவையெல்லாம் ஆறினாலும் சுவை கெடாது.

என் தேர்வு எப்போதும் கிரான்பெர்ரித் தொக்கு. இங்குள்ள தமிழ் வீடுகளில் பலரும் செய்வதுதான். பழம் கடையில் 340 கிராம் பாக்கெட்டாகக் கிடைக்கும். கழுவி நீரை வடியுங்கள். அடிகனமான வாணலியில் ஐந்து மேசைக்கரண்டி நல்லெண்ணெய் காயவைத்து, கடுகு வெடித்ததும் கால் தேக்கரண்டி பெருங்காயம் போட்டு, பழத்தைக் கொட்டி மூடியைச் சாய்த்து வையுங்கள். மூன்று நிமிஷத்தில் பட், பட் என்று தோல் வெடிக்கும் சத்தம் கேட்கும். மூடி இல்லையென்றால் சட்டையெல்லாம் சிவப்பாகிவிடும். சத்தம் அடங்கியதும் கரண்டியால் மசித்து, மஞ்சள்தூள், ஒரு தேக்கரண்டி மிளகாய்த்தூள், ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு, எலுமிச்சை அளவு வெல்லம் சேருங்கள். நம் வீட்டுக்கு மட்டும் என்றால் மிளகாய்த்தூள் இரட்டிப்பாகப் போடலாம். புளி தேவையே இல்லை. எண்ணெய் ஓரத்தில் பிரியும்போது, வறுத்துப் பொடித்த வெந்தயம் அரைத் தேக்கரண்டி தூவி இறக்குங்கள். கொஞ்சம் தளர இருக்கும்போதே இறக்க வேண்டும். இந்தப் பழத்தில் பெக்டின் அதிகம், ஆறினால் தானாகவே இறுகும். செவ்வாய்க்கிழமையே செய்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாம், வியாழனுக்குள் ருசி இன்னும் கூடும். சப்பென்றிருக்கும் வான்கோழி நெஞ்சுக் கறியோடு இதை ஒரு தடவை தொட்டுச் சாப்பிட்டவர்கள் அடுத்த வருஷம் பெயர் சொல்லிக் கேட்பார்கள்.

பாத்திரத்தின் மேல் ஒரு காகிதம் ஒட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். இதை உபசாரமாகச் சொல்லவில்லை. முந்திரி, நிலக்கடலை ஒவ்வாதவர்கள் உண்டு. நல்லெண்ணெய் என்றால் எள். 2023 முதல் அமெரிக்கச் சட்டப்படி உணவு லேபிளில் குறிப்பிட்டே ஆகவேண்டிய ஒன்பது ஒவ்வாமைப் பொருள்களில் எள்ளும் ஒன்று. நம்மில் பலர் கவனிக்காதது பெருங்காயம்: கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். கோதுமையில் உள்ள க்ளூட்டன் ஆகாதவருக்கு ஒரு சிட்டிகையும் கெடுதல். அப்படி ஒருவர் வருகிறார் என்று தெரிந்தால் கோதுமை சேராததை வாங்குங்கள், அல்லது பெருங்காயத்தையே விட்டுவிடுங்கள்.

பரிமாறும் கரண்டியையும் கூடவே கொண்டுபோங்கள். அலுமினியம் ட்ரே என்றால் திரும்ப வாங்கிக்கொள்ளும் கவலை இல்லை. காரில் அது வளையாமலிருக்க அடியில் ஒரு தட்டு வையுங்கள். சமைக்கவே முடியாத வாரம் என்றால் கடையில் ஒரு பரங்கிக்காய் பை வாங்கிக்கொண்டு போங்கள், அதில் குறைவு ஒன்றும் இல்லை. ஆனால் செவ்வாய்க்கிழமைக்குள் வாங்கிவிடுங்கள். காஸ்ட்கோ, வால்மார்ட் இரண்டும் தேங்க்ஸ்கிவிங் அன்று மூடியிருக்கும், புதன்கிழமை கடையிலும் சாலையிலும் கூட்டம் நெரியும்.

சைவக்காரர்கள் பார்த்து எடுக்க வேண்டியவை

வான்கோழியைத் தவிர்த்தால் போதும் என்று நினைக்காதீர்கள். ஸ்டஃபிங்கில் பெரும்பாலும் கோழிச் சாறு இருக்கும், சில வீடுகளில் அதைப் பறவையின் வயிற்றுக்குள்ளேயே வைத்துச் சுடுவார்கள். மார்ஷ்மெல்லோவிலும் ஜெல்லியிலும் விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கும். தெற்கு மாநிலங்களில் பீன்ஸையும் கீரையையும் பன்றி இறைச்சித் துண்டோடு வேகவைப்பது வழக்கம். பை மேல்மாவில் சிலர் பன்றிக் கொழுப்புச் சேர்ப்பார்கள். "இதில் இறைச்சிச் சாறு சேர்த்திருக்கிறீர்களா?" என்று நேராகக் கேளுங்கள். மசித்த உருளைக்கிழங்கு, கிரான்பெர்ரி சாஸ், ரொட்டி இவற்றில் சிக்கல் குறைவு, இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம். நீங்கள் கொண்டுபோகும் பதார்த்தம் உங்களுக்கே வயிறு நிறையும்படி இருக்கட்டும்.

உங்கள் வீட்டில் விருந்து என்றால்

ஆறு பேருக்குள் என்றால் முதல் வருஷம் முழு வான்கோழியைத் தொடாதீர்கள். 5 பவுண்டுக் கோழி ஒன்றோ இரண்டோ ஓவனில் சுடுங்கள், கை பழகும். பத்துப் பேருக்கு மேல் வருகிறார்கள், வான்கோழிதான் வேண்டும் என்றால், ஆளுக்கு 1 முதல் 1½ பவுண்டு கணக்கில் வாங்குங்கள்.

பெரும்பாலும் உறைந்த பறவைதான் கிடைக்கும். தவறு நடப்பது இங்கேதான். ஃப்ரிட்ஜில் 4, 5 பவுண்டுக்கு ஒரு முழு நாள் தேவை. 12 பவுண்டு என்றால் மூன்று நாள். ஞாயிற்றுக்கிழமையே ஃப்ரீசரிலிருந்து எடுத்து, ஆழமான ட்ரேயில் வைத்து ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் வையுங்கள். சமையல் மேடையில் வெளியே விட்டு உருகவைக்கக் கூடாது. மறந்துவிட்டால் உறையோடு குளிர்ந்த தண்ணீரில் மூழ்கவைத்து, அரைமணிக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். பவுண்டுக்கு அரைமணி பிடிக்கும். அப்படி உருக்கினால் உடனே சமைத்துவிட வேண்டும்.

கறியை மஞ்சள் போட்டு நாலு தண்ணீரில் அலசிப் பழகிய கை நமக்கு. வான்கோழியைக் கழுவாதீர்கள். அமெரிக்க வேளாண்மைத் துறையே இதை வலியுறுத்துகிறது: தெறிக்கும் நீரில் கிருமி தொட்டி, மேடை, பக்கத்தில் வைத்த சாலட் வரை போகும். கிருமியைச் சாகடிப்பது சூடுதான். பேப்பர் டவலால் உள்ளும் வெளியும் ஒற்றி எடுங்கள். வயிற்றுக்குள் கழுத்தும் ஈரலும் ஒரு சின்னப் பையில் இருக்கும், கழுத்துப் பக்கத் தோலுக்கு அடியிலும் துழாவிப் பாருங்கள். எடுத்துத் தனியே வையுங்கள்.

புதன்கிழமை உப்புத் தடவலாம். முதலில் லேபிளைப் படியுங்கள். உப்பு நீர் ஏற்றியது என்று போட்டிருந்தால் மேற்கொண்டு உப்பு வேண்டாம். மிளகு, சீரகம், பூண்டு மூன்றையும் அரைத்து வெண்ணெயில் குழைத்து, நெஞ்சுத் தோலை விரலால் மெதுவாகத் தூக்கி அடியில் தடவுங்கள். தயிர் மசாலாவைத் தோலின் மேல் பூசினால் மொறுமொறுப்பு வராது. மிளகாய்த்தூளை மேலே போட்டால் மூன்று மணி நேரச் சூட்டில் கருகிவிடும். ஓவன் 325 டிகிரி ஃபாரன்ஹீட்டில் இருக்கட்டும். ஸ்டஃபிங்கைத் தனி ட்ரேயில் சுடுங்கள். 12 பவுண்டுக்குச் சுமார் மூன்று மணி நேரம் ஆகும், ஆனால் நேரத்தை நம்பாதீர்கள், நிறத்தையும் நம்பாதீர்கள். தெர்மாமீட்டரை நெஞ்சின் தடித்த இடத்திலும் தொடையின் உட்புறத்திலும் எலும்பு படாமல் குத்திப் பாருங்கள். எல்லா இடத்திலும் 165 காட்ட வேண்டும். வெளியே எடுத்து அரைமணி அப்படியே விட்டு வெட்டினால் சாறு கறியிலேயே தங்கும்.

முழுப் பறவையை எண்ணெயில் பொரிக்கும் வழக்கமும் உண்டு. புதியவர்கள் அதை முயலவே வேண்டாம். முழுதாக உருகாத பறவையைக் கொதிக்கும் எண்ணெயில் இறக்கினால் எண்ணெய் பொங்கி வழிந்து வீடே பற்றிக்கொள்ளும்.

உருளைக்கிழங்கை மிக்ஸியில் அடிக்காதீர்கள், பசை மாதிரி இழுக்கும். மத்தால் மசித்து, சூடான பாலும் வெண்ணெயும் ஊற்றிக் கிளறுங்கள். பை செய்வதானால் வெறும் பரங்கி விழுது டின்னை எடுங்கள். பக்கத்திலேயே அதே மாதிரி இருக்கும் பை ஃபில்லிங் டின்னில் சர்க்கரையும் மசாலாவும் ஏற்கெனவே கலந்திருக்கும்.

அன்றைக்கு

சொன்ன மணிக்குப் பத்து நிமிஷம் பிந்தலாம், முந்த வேண்டாம். நியூயார்க்கில் மேசீஸ் (Macy's) கடை நடத்தும் அணிவகுப்பு 1924இல் தொடங்கியது. காலையில் டிவியில் அது ஓடும். பிறகு அமெரிக்கக் கால்பந்து. டெட்ராய்ட் லயன்ஸ் அணி 1934இல் இந்த நாளில் ஆடத் தொடங்கியது. விதி தெரியாவிட்டால் பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள், சந்தோஷமாகச் சொல்லித் தருவார். சாப்பிடும் முன் சிலர் கைகோத்து ஜெபிப்பார்கள், தலை குனிந்து அமைதியாக நின்றால் போதும். சில மேசைகளில் ஒவ்வொருவராக எதற்கு நன்றி என்று சொல்லச் சொல்வார்கள். ஒரு வாக்கியம் மனதில் வைத்துக்கொண்டு போங்கள். ஒரு வருஷம் எங்கள் வீட்டில் என் மாமியார், பஸ் ஸ்டாப்பில் தினமும் கையசைக்கும் எதிர்வீட்டுக்காரருக்கு நன்றி என்று தமிழில் சொன்னார். என் மகள் அதை ஆங்கிலத்தில் சொன்னாள். அந்தப் பெரியவரும் எங்கள் மேசையில்தான் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை அவருக்கு.

சாப்பிட்டதும் பாத்திரம் எடுக்க எழுந்திருங்கள். "வேண்டாம், உட்காருங்கள்" என்பார்கள். இன்னொரு தடவை கேட்டுவிட்டு நாலு தட்டையாவது எடுத்து வையுங்கள்.

சமைத்த உணவு வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. நம் வீடுகளில் பேச்சு சுவாரஸ்யத்தில் பிரியாணி, கறி எல்லாம் ராத்திரி வரை மேடையிலேயே இருந்துவிடும். பேசிக்கொண்டே சின்னச் சின்ன டப்பாக்களில் பிரித்து ஃப்ரிட்ஜில் வையுங்கள், அல்லது வந்தவர்களுக்குக் கட்டிக் கொடுங்கள். மூன்று நாலு நாளுக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். வெள்ளிக்கிழமை அந்த எலும்புக்கூட்டைப் பெரிய பாத்திரத்தில் போட்டு, தண்ணீர் ஊற்றி, சின்ன வெங்காயமும் பூண்டும் தட்டிப் போட்டு இரண்டு மணி நேரம் மெல்லக் கொதிக்கவிடுங்கள். வடிகட்டி, மிளகும் சீரகமும் பொடித்துச் சேர்த்து, கறிவேப்பிலை தாளித்து ஊற்றினால் ரசம் தயார். மிஞ்சிய கறியைப் பிய்த்து அதில் போட்டுச் சாதத்தோடு சாப்பிடுங்கள்.